புகையும் குடலும்: நாற்பதாண்டுப் புதிர் ஒன்று

புகைபிடிப்பவரின் நுரையீரல் கெடும், இதயம் கெடும், வாயிலும் தொண்டையிலும் புற்றுநோய் தோன்றும். இவை இன்று பள்ளி மாணவரும் அறிந்த செய்திகள். ஆனால் புகைக்கும் குடலுக்கும் என்ன தொடர்பு? இழுத்த புகை மூச்சுக்குழாய் வழியே நுரையீரலுக்குள் போகிறது. வந்த வழியே திரும்பி வெளியேறுகிறது. குடலோ வயிற்றுக்குள் பல மீட்டர் நீளத்துக்குச் சுருண்டு கிடக்கிறது. அங்கே புகைக்கு என்ன வேலை?

வேலை இருக்கிறது. அதுவும் மிக விந்தையான வேலை. குடலில் தோன்றும் இரண்டு அழற்சி நோய்களுள் ஒன்றைப் புகை வளர்க்கிறது. மற்றொன்றை அடக்கி வைக்கிறது. ஒரே புகைக்கு இரண்டு எதிர் விளைவுகள்! 1982ஆம் ஆண்டு முதல் மருத்துவர்களைத் திகைக்க வைத்த புதிர் இது. இதற்கான விடையின் முக்கியமான பகுதி 2025இல் வெளியாயிற்று. விடை இருந்த இடம் நம் வாயில் வாழும் நுண்ணுயிர்களில்!

இந்த விடையைச் சரியாகப் புரிந்துகொள்வது நமக்குத் தேவை. "புகை சில நோய்க்கு நல்லதாமே" என்ற அரைகுறைச் செய்தி ஒரு நோயாளியின் காதில் விழுந்தால் அது அவர் உயிருக்கே உலை வைக்கலாம். ஆகவே முதலிலிருந்து பார்ப்போம்.

இரண்டு நோய்கள்

உடலில் ஓரிடத்தில் காயம் பட்டால் அந்த இடம் சிவக்கிறது, வீங்குகிறது, வலிக்கிறது. இதையே அழற்சி என்கிறோம். கிருமிகளை எதிர்க்கவும் காயத்தை ஆற்றவும் உடல் மேற்கொள்ளும் முயற்சி இது. வேலை முடிந்ததும் அழற்சி அடங்க வேண்டும். அடங்காமல் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் குடலிலேயே நீடித்தால் அதற்குக் குடல் அழற்சி நோய் என்று பெயர்.

இந்நோய் இரு வகைப்படும். முதல் வகை பெருங்குடல் புண் நோய். 1859இல் இலண்டன் மருத்துவர் சாமுவேல் வில்க்ஸ் இதை ஒரு தனி நோயாக விவரித்தார். இது பெருங்குடலை மட்டுமே தாக்கும். மலக்குடலில் தொடங்கி மேல்நோக்கி இடைவெளியின்றிப் பரவும். குடற்சுவரின் உள்தோல் மட்டும் புண்ணாகும். நோயாளிக்கு இரத்தமும் சளியும் கலந்த பேதி ஏற்படும். நோய் மிகுந்தபோது ஒரு நாளில் பத்து முறைக்கு மேலும் கழிப்பறைக்கு ஓட நேரிடும்.

இரண்டாவது வகை கிரோன் நோய். 1932இல் நியூயார்க் நகரின் மவுண்ட் சினாய் மருத்துவமனையைச் சேர்ந்த பர்ரில் கிரோன், லியோன் கின்ஸ்பர்க், கார்டன் ஓப்பன்ஹைமர் ஆகிய மூவரும் 14 நோயாளிகளைப் பற்றி எழுதிய கட்டுரையால் இது உலகுக்குத் தெரிய வந்தது. இந்நோய் வாய் முதல் ஆசனவாய் வரை எங்கு வேண்டுமானாலும் தோன்றலாம். சிறுகுடலின் கடைப்பகுதியில்தான் பெரும்பாலும் காணப்படுகிறது. இடையிடையே நல்ல பகுதிகளை விட்டுவிட்டுத் தாக்கும். குடற்சுவரின் முழுக் கனத்தையும் அரித்துச் செல்லும். குடல் சுருங்கி அடைபடும். சில வேளைகளில் சுவரைத் துளைத்துப் புரையோடும். நோயாளிகளுள் பலருக்கு அறுவை தேவைப்படுகிறது. குடற்காசநோயும் ஏறக்குறைய இதே அறிகுறிகளைக் காட்டுவதால், காசநோய் மிகுந்த இந்தியா போன்ற நாடுகளில் இரண்டையும் பிரித்தறிவது மருத்துவருக்குப் பெரிய சோதனை.

இவ்விரு நோய்களும் இளைஞர்களையே பெரும்பாலும் பிடிக்கின்றன. முற்றிலும் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. அடக்கி வைக்கும் மருந்துகள் உண்டு. நோய் சில காலம் அடங்கியிருக்கும். பின் திடீரென மீண்டும் கிளம்பும். பரம்பரை இயல்பு, உணவு, சூழ்நிலை, குடல் நுண்ணுயிர்கள், உடலின் தடுப்பாற்றல் ஆகிய எல்லாமே இதில் பங்கு பெறுகின்றன. இந்தச் சூழ்நிலைக் காரணங்களுள் மிகத் தெளிவாகத் தெரிந்த ஒன்றுதான் புகை.

கார்டிஃப் நகரில் கண்ட வியப்பு

பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் உள்ள நகரம் கார்டிஃப். அங்கு பணியாற்றிய ஹாரிஸ், பெயர்டு, ரோட்ஸ் என்ற மூன்று மருத்துவர்கள் தம் நோயாளிகளின் புகைப்பழக்கத்தைக் கணக்கெடுத்தனர். 1982இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் முடிவை வெளியிட்டனர்.

பெருங்குடல் புண் நோய் இல்லாத ஒப்பீட்டுக் குழுவினருள் 100க்கு 44 பேர் புகைப்பவர்கள். அக்காலப் பிரிட்டனில் இது வழக்கமான அளவுதான். ஆனால் பெருங்குடல் புண் நோயாளிகளுள் புகைப்பவர் எத்தனை பேர்? 100க்கு 8 பேர் மட்டுமே!

44 எங்கே, 8 எங்கே? இது தற்செயலாக இருக்க முடியாது. நோய் வந்ததும் பயந்துபோய்ப் புகையை விட்டிருப்பார்களோ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆராய்ச்சியாளர்களும் அதைக் கேட்டார்கள். தொடர்ந்து பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் வேறொரு செய்தியைச் சொல்லின. நோய் வந்தபின் புகையை விட்டவர்கள் மட்டுமல்லர். புகையை விட்டபின் நோய் வந்தவர்களும் பலர் இருந்தனர். புகைப்பழக்கத்தை விட்ட சில ஆண்டுகளுக்குள் இந்நோய் தோன்றும் வாய்ப்பு உயர்கிறது என்றும், என்றுமே புகைக்காதவரை விடப் புகையை விட்டவருக்கு அது அதிகம் என்றும் தெரிய வந்தது. புகை எதையோ அடக்கி வைத்திருந்தது. புகை நின்றதும் அது தலைதூக்கிற்று.

அடுத்து, 1984இல் நாட்டிங்காம் நகர ஆராய்ச்சியாளர்கள் கிரோன் நோயாளிகளைக் கணக்கெடுத்தனர். அங்கே படம் தலைகீழாக இருந்தது! கிரோன் நோயாளிகளுள் புகைப்பவரே அதிகம். பிற்காலத்தில் பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, புகைப்பவருக்குக் கிரோன் நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு என்றும், பெருங்குடல் புண் நோய் வரும் வாய்ப்பு பாதிக்கும் குறைவு என்றும் கணக்கிட்டனர்.

கிரோன் நோய் வந்தபின்னும் புகைப்பவர்களின் நிலை இன்னும் மோசம். நோய் அடிக்கடி கிளம்புகிறது. வலுவான மருந்துகள் விரைவில் தேவைப்படுகின்றன. குடலின் கெட்ட பகுதியை அறுத்து நீக்கிய பிறகும் நோய் திரும்பும் வாய்ப்பு புகைப்பவருக்கு ஏறத்தாழ இரு மடங்காகிறது.

நிகோட்டின்தான் மருந்தா?

புகையில் 7,000க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள் உள்ளன. இவற்றுள் எது பெருங்குடல் புண் நோயை அடக்குகிறது? எல்லோருடைய ஐயமும் முதலில் நிகோட்டின் மீதே விழுந்தது. புகையிலைக்கு அடிமையாக்கும் பொருள் அதுதானே!

1994இல் கார்டிஃப் ஆராய்ச்சியாளர்கள் இதைச் சோதித்தனர். நோய் கிளம்பிய நிலையிலிருந்த 72 நோயாளிகளை இரு குழுவாகப் பிரித்தனர். ஒரு குழுவில் 35 பேர். இவர்களின் தோலில் நிகோட்டின் கசியும் ஒட்டுப்பட்டையை ஒட்டினர். மற்ற 37 பேருக்கு நிகோட்டின் இல்லாத போலிப் பட்டை. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. ஆறு வாரம் கழித்துப் பார்த்தபோது, நிகோட்டின் குழுவில் 17 பேருக்கு நோய் முழுதும் அடங்கியிருந்தது. போலிக் குழுவில் 9 பேருக்கு மட்டுமே.

ஓரளவு பலன் உண்டு என்பது தெளிவு. ஆனால் குமட்டல், தலைவலி, தலைசுற்றல், தூக்கக் கேடு போன்ற தொல்லைகளும் சேர்ந்து வந்தன. மேலும் 1995இல் அதே நகரில் நடந்த மற்றொரு சோதனையில், அடங்கிய நோய் மீண்டும் வராமல் தடுக்க நிகோட்டின் பட்டை பயன்படவில்லை. அதாவது நிகோட்டின் புதிரின் ஒரு துண்டு. முழு விடை அன்று. புகைப்பவர் குடலில் வேறு ஏதோ நடக்கிறது. அது என்ன?

குடலுக்குள் ஒரு வயல்

இந்த இடத்தில் நம் குடலில் குடியிருப்பவர்களைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும்.

பாலில் ஒரு துளி மோரை விட்டால் மறுநாள் தயிராகிறது. அந்தத் துளியில் இருந்த பாக்டீரியாக்கள் செய்த வேலை அது. அவற்றின் உறவினர் உட்பட எண்ணற்ற பாக்டீரியாக்கள் நம் உடலில் வாழ்கின்றன. 2016இல் இஸ்ரேல் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் போட்ட கணக்கின்படி, ஒரு சராசரி மனிதனின் உடலில் உள்ள பாக்டீரியாக்கள் சுமார் 38 இலட்சம் கோடி. நம் சொந்த உயிரணுக்களோ சுமார் 30 இலட்சம் கோடிதான்! இந்தப் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை பெருங்குடலில் உள்ளன.

இவை வாடகை கொடாத குடிகள் அல்ல. நம்மால் செரிக்க முடியாத நார்ப்பொருளைச் சிதைத்துக் குடற்சுவருக்கு உணவாக்கித் தருகின்றன. சில வைட்டமின்களை உண்டாக்குகின்றன. வயலில் நெற்பயிர் அடர்ந்து நிற்கும்வரை களை தலைதூக்காது அல்லவா? அதுபோல் நல்ல பாக்டீரியாக்கள் இடத்தை நிரப்பியிருக்கும்வரை தீயவை அங்கு ஊன்ற இயலாது.

பயிரில் வகைகள் பல இருப்பது நலம். குடல் அழற்சி நோயாளிகளிடம் இந்த வகைப்பாடு குறைந்து விடுகிறது. எடுத்துக்காட்டாக, அழற்சியைத் தணிக்கும் இயல்புள்ள ஃபீக்கலிபாக்டீரியம் என்ற நல்ல பாக்டீரியா கிரோன் நோயாளிகளின் குடலில் குறைவு என்று 2008இல் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்கள் காட்டினர். அறுவைக்குப் பின் யாரிடம் இது குறைந்திருந்ததோ அவர்களிடம் நோய் திரும்புவது அதிகமாயிருந்தது.

குடலில் இன்னொரு பாதுகாப்பும் உண்டு. வெண்டைக்காயை நறுக்கினால் கையில் ஒட்டும் கொழகொழப்பைப் போன்ற ஒரு சளிப்படலம் குடற்சுவரின் உட்புறம் முழுதும் பூசப்பட்டிருக்கிறது. பாக்டீரியாக்கள் பெரும்பாலும் இந்தப் படலத்துக்கு வெளியே, உணவுக் கழிவுக்குள் இருக்கின்றன. படலத்துக்குள் நுழைந்து சுவரை நெருங்குபவை சில. அவ்வாறு நெருங்குபவற்றைத்தான் சுவரில் காவலிருக்கும் தடுப்பாற்றல் அணுக்கள் உன்னிப்பாகக் கவனிக்கின்றன.

புகை வயலைக் கெடுக்கிறது

புகை குடலை இரு வழிகளில் அடைகிறது. புகையின் ஒரு பகுதி எச்சிலில் கரைந்து விழுங்கப்படுகிறது. நுரையீரலில் உறிஞ்சப்பட்ட மற்றொரு பகுதி இரத்தத்தின் வழியே குடலுக்கு வந்து சேருகிறது. புகைப்பவர்களின் குடலில் நிகோட்டின் சேர்ந்திருப்பதை 2022இல் சீன ஆராய்ச்சியாளர்கள் அறிவித்தனர். அந்த நிகோட்டினைச் சிதைக்கும் ஒரு பாக்டீரியாவும் அதே குடலில் இருப்பதைக் கண்டனர்!

புகை நின்றால் பாக்டீரியாக்களிடம் மாற்றம் வருமா? 2013இல் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகர ஆராய்ச்சியாளர்கள் இதைச் சோதித்தனர். புகையை விட்ட 10 பேரின் மலத்தை விடுவதற்கு முன்னும் பின்னும் ஆராய்ந்தனர். சில வாரங்களுக்குள்ளேயே பாக்டீரியாக்களின் விகிதம் பெரிதும் மாறிற்று, வகைகளும் பெருகின. அதே காலத்தில் தொடர்ந்து புகைத்தவரிடமும், என்றும் புகைக்காதவரிடமும் இத்தகைய மாற்றம் காணப்படவில்லை. ஆக, புகை பாக்டீரியாக்களை மாற்றுகிறது. புகை நின்றால் அவை மீண்டும் மாறுகின்றன. கிரோன் நோயாளிகளுள்ளும் புகைப்பவரின் குடலில் பாக்டீரியா வகைகள் மற்றவரைவிடக் குறைவு என்று 2016இல் நெதர்லாந்து ஆய்வொன்று கூறிற்று.

கிரோன் நோய் முற்றுவதற்கு இது ஒரு காரணமாகலாம். ஆனால் பெருங்குடல் புண் நோய் ஏன் அடங்குகிறது? வயலைக் கெடுக்கும் புகை அங்கே மட்டும் நன்மை செய்வது எப்படி? புதிர் இன்னும் அவிழவில்லை.

வாயிலிருந்து வந்த விருந்தாளி

ஜப்பானின் ரிக்கன் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஹிரோஷி ஓனோ என்பவரின் குழு இதை வேறு கோணத்தில் அணுகிற்று. மலத்தை மட்டும் பார்த்தால் போதாது. குடற்சுவரை ஒட்டிய சளிப்படலத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும் என அவர்கள் எண்ணினர். புகைப்பவர், விட்டவர் ஆகிய இரு தரப்பு நோயாளிகளிடமிருந்தும் மாதிரிகளை எடுத்து ஆராய்ந்தனர். 2025இல் முடிவு வெளியாயிற்று.

புகைக்கும் பெருங்குடல் புண் நோயாளிகளின் சளிப்படலத்தில், இருக்கக்கூடாத சிலர் இருந்தனர். அவை வாயில் வாழும் பாக்டீரியாக்கள்! குறிப்பாக ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இனத்தவை. புகையை விட்டவர்களின் படலத்தில் இவை அவ்வாறு குடியேறியிருக்கவில்லை.

வாய்ப் பாக்டீரியாக்கள் குடலுக்கு வருவதில் வியப்பில்லை. நாள்தோறும் ஏறத்தாழ ஒரு லிட்டர் உமிழ்நீரை நாம் விழுங்குகிறோம். அதனுடன் கோடிக்கணக்கான பாக்டீரியாக்களும் உள்ளே போகின்றன. இரைப்பையின் அமிலத்தில் பெரும்பகுதி மடியும். தப்பிப் பிழைத்தவை குடலைக் கடந்து மலத்துடன் வெளியேறும். அவை வழிப்போக்கர்கள், அங்கே தங்குவதில்லை. ஆனால் புகைப்பவர் குடலில் வழிப்போக்கர் திண்ணையைத் தாண்டி வீட்டுக்குள்ளேயே குடியேறி விட்டனர். அவர்களுக்கு இடம் கொடுத்தது யார்?

புகைப்பவரின் குடலில் சில வேதிப்பொருள்கள் மிகுந்திருப்பதை அக்குழுவினர் கண்டனர். அவற்றுள் ஒன்று ஹைட்ரோகுவினோன். புகைப்படக் கலை அறிந்தவர்களுக்கு இப்பெயர் பழக்கமானது. கறுப்பு வெள்ளைப் படச் சுருளைக் கழுவி உருவத்தை வெளிக்கொணரும் கரைசலில் இது சேர்க்கப்படும். புகையிலைப் புகையிலும் இது உண்டு. இந்தப் பொருள் குடலின் சளிப்படலத்தில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வளரத் துணை செய்கிறது என்று சோதனை காட்டிற்று. புகைப்படத் தட்டில் மறைந்திருந்த உருவத்தை வெளிக்கொணரும் பொருள், குடலில் மறைந்து கடந்துபோக வேண்டிய பாக்டீரியாவை நிலைபெறச் செய்கிறது!

தராசின் இரு தட்டுகள்

குடியேறிய பாக்டீரியா என்ன செய்கிறது? நோயாளிகளின் உமிழ்நீரிலிருந்து பிரித்தெடுத்த பாக்டீரியாக்களை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தனர். அவற்றுள் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மைடிஸ் என்பது தனித்து நின்றது. அது எலியின் பெருங்குடலில் ஒரு குறிப்பிட்ட தடுப்பாற்றல் அணுவைப் பெருகச் செய்தது. அந்த அணு எது என்பதில்தான் புதிரின் திறவுகோல் இருக்கிறது.

நம் இரத்தத்தில் உள்ள வெள்ளணுக்களுள் உதவி அணுக்கள் என்ற ஒரு பிரிவு உண்டு. இவை தாமே கிருமியைக் கொல்வதில்லை. மற்ற அணுக்களுக்கு ஆணையிடுகின்றன. இவற்றுள் பல வகைகள் இருப்பினும் இரண்டை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம். முதல் வகை உதவி அணுக்கள் இன்டர்ஃபெரான்-காமா என்ற பொருளைச் சுரந்து, கிருமிகளை விழுங்கும் அணுக்களைத் தூண்டுகின்றன. காசநோய்க் கிருமி போல உயிரணுவுக்குள் ஒளிந்துகொள்ளும் கிருமிகளுக்கு எதிரான படை இது. இரண்டாம் வகை உதவி அணுக்கள் வேறு பொருள்களைச் சுரந்து, குடற்புழு போன்றவற்றை எதிர்க்கும் படையை ஏவுகின்றன. ஒவ்வாமை நோய்களில் மிகுந்து வேலை செய்வதும் இந்த இரண்டாம் வகையே.

இவ்விரு வகைகளும் தராசின் இரு தட்டுகள் போன்றவை. ஒன்று தாழ்ந்தால் மற்றது உயரும். ஒன்றின் சுரப்பு மற்றதை அடக்கும். உடல்நலம் என்பது தட்டுகள் சமமாக நிற்பதே.

இப்போது இரு நோய்களையும் பாருங்கள். பெருங்குடல் புண் நோயில் இரண்டாம் வகைத் தட்டு தாழ்ந்திருக்கிறது. கிரோன் நோயில் முதல் வகைத் தட்டு தாழ்ந்திருக்கிறது. புகையின் தயவால் குடியேறிய ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மைடிஸ், முதல் வகைத் தட்டில் விழும் ஓர் எடைக்கல். பெருங்குடல் புண் நோயாளியிடம் அந்தத் தட்டு உயர்ந்து நிற்கிறது. கல் விழுந்ததும் அது இறங்கி, தராசு ஓரளவு சமனாகிறது, அழற்சி தணிகிறது. கிரோன் நோயாளியிடமோ அதே தட்டு ஏற்கெனவே தரையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. அதே கல் அங்கு விழுந்தால் என்னாகும்? அழற்சி கொழுந்து விட்டெரிகிறது.

கல் ஒன்றே; தராசுகள் வேறு. இதுவே நாற்பதாண்டுப் புதிரின் விடை. எலிகளில் இதைச் செய்தும் பார்த்தனர். பெருங்குடல் புண் நோயை ஒத்த அழற்சியுள்ள எலிகளுக்கு இந்தப் பாக்டீரியாவைக் கொடுத்தபோது நோய் தணிந்தது. கிரோன் நோயை ஒத்த அழற்சியுள்ள எலிகளுக்குக் கொடுத்தபோது நோய் முற்றிற்று.

தராசு என்பது விளக்கத்துக்காகச் சொன்ன உவமைதான். உண்மையில் தட்டுகள் இரண்டு மட்டுமல்ல. பதினேழாம் வகை என்று எண்ணிடப்பட்ட உதவி அணு உட்பட வேறு பலவும் இந்நோய்களில் பங்கு கொள்கின்றன. எலியின் குடலும் மனிதக் குடலும் ஒன்றல்ல. நிகோட்டினுக்கும் ஒரு சிறு பங்கு உண்டு என்பதை முன்பே கண்டோம். எனினும் ஒரே புகை இரு எதிர் விளைவுகளைத் தருவது எப்படி என்பதற்கு, கண்ணால் காணத்தக்க ஒரு வழியை இந்த ஆராய்ச்சி காட்டிவிட்டது.

அப்படியானால் புகைக்கலாமா?

கூடாது. ஐயத்துக்கு இடமின்றிக் கூடாது.

வீட்டில் குளிர் தாங்கவில்லை என்று கூரைக்குத் தீ வைத்துக் குளிர்காய்பவர் உண்டா? பெருங்குடல் புண் நோயை அடக்கப் புகைப்பது அத்தகைய செயல். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, புகையிலையால் ஆண்டுதோறும் 70 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழக்கின்றனர். பெருங்குடல் புண் நோயை அடக்க மெசலமைன் போன்ற மருந்துகள் உள்ளன. அவை போதாதபோது ஸ்டீராய்டுகளும், அழற்சிப் பொருள்களைக் குறிவைத்துத் தடுக்கும் புதிய மருந்துகளும் உள்ளன. நுரையீரல் புற்றுநோய்க்கும் மாரடைப்புக்கும் அத்தகைய எளிய மாற்று இல்லை.

ஆனால் ஒரு நோயாளியின் இக்கட்டை நாம் உணர வேண்டும். பத்தாண்டு புகைத்த ஒருவர் மனைவி மக்கள் சொல் கேட்டுப் புகையை விடுகிறார். சில மாதங்களில் இரத்தப் பேதி தொடங்குகிறது. "நல்லது செய்யப் போய் இப்படியாயிற்றே!" என்று அவர் மனம் நோவார். மீண்டும் ஒரு சிகரெட்டைப் பற்ற வைக்கத் தோன்றும். அவருக்கு இந்த அறிவியல் பயன்படும். நோயை உண்டாக்கியது அவர் எடுத்த நல்ல முடிவு அன்று. உள்ளே முன்பே சாய்ந்திருந்த தராசு இப்போது வெளிப்பட்டது. அதைச் சரிசெய்யப் புகையைத் தேட வேண்டாம்; மருத்துவரைத் தேட வேண்டும். ஏற்கெனவே இந்நோய் உள்ளவர் புகையை விட முடிவெடுத்தால், முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிடுவது நலம். நோய் கிளம்பினால் உடனே கவனித்து மருந்தின் அளவைச் சரிசெய்யலாம்.

கிரோன் நோயாளிக்கோ இரு மனம் தேவையே இல்லை. 2001இல் பாரிஸ் நகர மருத்துவர் ஜாக் கோன் குழுவினர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். புகைக்கும் கிரோன் நோயாளிகள் பலருக்குப் புகையை விடுமாறு அறிவுரையும் உதவியும் அளித்தனர். ஓராண்டுக்கு மேல் புகையைத் தொடாதவர்களின் நிலையைத் தொடர்ந்து கவனித்தபோது, நோய் கிளம்புவது என்றுமே புகைக்காதவர் அளவுக்குக் குறைந்துவிட்டது. தொடர்ந்து புகைத்தவர்களுக்கோ அது அதிகமாகவே இருந்தது. விலையுயர்ந்த மருந்தால் கிடைக்கும் நன்மையைப் புகையை விடுவதன் மூலமே அடையலாம். செலவு ஒன்றுமில்லை, சிகரெட் காசும் மிச்சம்! ஆனால் அந்த ஆய்வில் உதவி பெற்றவர்களுள் சிறு பகுதியினராலேயே அவ்வாறு விட முடிந்தது என்பதையும் சொல்ல வேண்டும். நிகோட்டின் பிடி அவ்வளவு வலியது. தனியாகப் போராடாமல் மருத்துவ உதவியுடன் விடுவதே சிறந்த வழி.

புகையில்லாமல் பலன் கிடைக்குமா?

புதிரை அவிழ்த்ததால் வந்த பெரும்பயன் இதுதான். பலன் தருவது புகை அன்று. புகை திறந்துவிட்ட கதவின் வழியே குடியேறிய ஒரு பாக்டீரியாவும், அது தூண்டும் ஓர் அணுவும். அப்படியானால் புகையை விலக்கிவிட்டு அந்த எடைக்கல்லை மட்டும் உரிய தட்டில் வைக்க முடியாதா? பாக்டீரியாவையோ, அதன் பகுதிகளையோ, அது வளரத் துணைசெய்யும் தீங்கற்ற உணவுப்பொருளையோ மருந்தாக்க முடியாதா? ஆராய்ச்சி இனிச் செல்லும் திசை இது.

இதில் கவனம் தேவை. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மைடிஸ் நம் வாயில் சாதுவாக வாழ்ந்தாலும், இரத்தத்தில் கலந்தால் இதய வால்வுகளைப் பாதிக்கக் கூடியது. பெருங்குடல் புண் நோயாளிக்கு நன்மை தருவது கிரோன் நோயாளிக்குக் கேடு என்பதையும் கண்டோம். எந்த நோயாளியின் தராசு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று அறிந்தே மருந்து தர வேண்டும்.

ஒரு மருத்துவமனைக் கணக்கேட்டில் 44க்கும் 8க்கும் இடையே இருந்த வேறுபாட்டைக் கண்டு "ஏன்?" என்று மூவர் கேட்டனர். அந்தக் கேள்வி நுரையீரலில் தொடங்கி, தோல் பட்டை, மலம், சளிப்படலம், எச்சில் என்று நாற்பது ஆண்டுகள் பயணம் செய்து, கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிரிடம் வந்து நின்றிருக்கிறது. புகையை நியாயப்படுத்த அந்தப் பயணம் உதவவில்லை. புகை இல்லாமலே நோயைத் தணிக்கும் நாளை அது சற்று அருகில் கொண்டு வந்திருக்கிறது. அந்த நாள் வரும்வரை இரு நோயாளிகளுக்கும், நோயற்ற நமக்கும் அறிவுரை ஒன்றே: பற்ற வைக்காதீர்கள், பற்ற வைத்திருந்தால் அணைத்து விடுங்கள்.